அழைத்தவர்கள் ஆயத்தமா?

தவக்காலம் அண்மிக்கும்போதெல்லாம் எமது ஊர்ச் சந்திகளின் மதில்கள் புதுவண்ணம் பெறத் தொடங்கிவிடுகின்றன. ‘மாபெரும் குணமளிக்கும் தியானம்’, ‘நற்செய்திப் பெருவிழா’, ‘இளையோர் எழுச்சி மாலை’ என்னும் தலைப்புகளைத் தாங்கிய சுவரொட்டிகளும் பதாகைகளும் அடுத்தடுத்து எழுகின்றன. ஒலிபெருக்கி பூட்டிய முச்சக்கர வண்டி ஒழுங்கைதோறும் ஊர்ந்து செல்கின்றது. கடந்த சில ஆண்டுகளாக இவற்றோடு முகநூலும் வட்ஸ்அப் குழுக்களும் சேர்ந்துகொண்டன. காலையில் ஓர் அழைப்பிதழ் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்ந்தால், மாலைக்குள் அதே அழைப்பிதழ் ஆறு குழுக்களிலிருந்து திரும்பி வருகின்றது. பல பதாகைகளில் பேச்சாளரின் நிழற்படம் பெரிதாகவும் சிலுவை ஒரு மூலையில் சிறிதாகவும் அச்சாகியிருப்பதை வாசகர்களும் அவதானித்திருப்பீர்கள்.

இவற்றைக் கண்டு ‘திருச்சபைக்கு விளம்பரம் எதற்கு?’ என்று முகஞ்சுளிப்போர் உளர். ‘இக்காலத்தில் விளம்பரமின்றி எவர் வருவர்?’ என்று வினவுவோரும் உளர். இவ்விரு சாராரின் வாதமும் அழைக்கும் முறையோடு நின்றுவிடுகின்றது. அழைத்தவர்கள் அழைப்பின் பின் எதற்குக் கடமைப்படுகின்றார்கள் என்னும் வினாவை எவரும் எழுப்புவதாகத் தெரியவில்லை. திருவிவிலியமோ அவ்வினாவிலேயே கூடிய கரிசனை கொண்டுள்ளது.

மக்களைப் பொதுவில் அழைப்பது விவிலியத்துக்குப் புறம்பானதன்று. குறிப்பேடு இரண்டாம் நூலின் 30ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். யூதாவின் அரசனாகிய எசேக்கியா, நெடுங்காலமாக முறைப்படி கொண்டாடப்படாதிருந்த பாஸ்கா விழாவுக்குப் பெயேர்செபா தொடக்கம் தாண் வரையுள்ள மக்கள் அனைவரையும் அழைக்கின்றான். மடல்கள் எழுதப்படுகின்றன, விரைதூதர்கள் ஊர் ஊராகச் செல்கின்றனர். அசீரிய அரசர்களின் கைகளுக்குத் தப்பி எஞ்சியிருந்தோருக்கும், சிறைப்பட்டுப்போன உறவுகளையும் பிள்ளைகளையும் எண்ணி ஏங்கியிருந்தோருக்கும் அம்மடல் எழுதப்பட்டது. போரின் பின் எஞ்சியிருப்பதும் காணாமற்போனோரை எதிர்பார்த்திருப்பதும் யாதென அறிந்த எமக்கு அந்த மடலைப் பெற்றோரின் மனநிலையை விளக்கவேண்டியதில்லை.

ஆயினும் அவ்வதிகாரத்தில் நாம் கவனியாது கடந்துவிடும் செய்தியொன்று உண்டு. விழா அதற்குரிய முதல் மாதத்தில் நடைபெறவில்லை. இரண்டாம் மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. மக்கள் எருசலேமில் ஒன்றுகூடியிருக்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். போதிய எண்ணிக்கையான குருக்கள் தங்களைத் தூய்மைப்படுத்திக்கொள்ளவில்லை என்பது மற்றைய காரணம். விழா நாளன்று குருக்களும் லேவியரும் வெட்கமுற்றுத் தங்களைத் தூய்மைப்படுத்தினர் என்றும் நூலாசிரியர் ஒளிவுமறைவின்றி எழுதுகின்றார். குருவாகிய எனக்கு இவ்வரிகள் எப்போதும் உறுத்தலாகவே இருந்து வருகின்றன. அழைக்கப்பட்டோர் ஆயத்தமாக இல்லாமையால் விழாக்கள் பிற்போடப்பட்டதை நாம் கண்டிருக்கின்றோம். மழைக்காகவும் பேச்சாளரின் பயண ஒழுங்குக்காகவும்கூடப் பிற்போட்டிருக்கின்றோம். அழைக்கும் நாங்கள் ஆயத்தமாக இல்லை என்று கூறி ஒரு தியானத்தைப் பிற்போட்ட பங்கு எதையும் நான் அறியேன்.

எமது ஆயத்தக் கூட்டங்களில் பேசப்படுவன எவை? பந்தல், ஒலியமைப்பு, மின்பிறப்பாக்கி, கதிரைகள், சிற்றுண்டி, பேச்சாளரை அழைத்துவர வாகனம். அருட்பணிச் சபைக் கூட்டத்தில் இரண்டு மணித்தியாலம் இவற்றோடு கழிந்துவிடும். ‘புதிதாக வருபவரை யார் வரவேற்பது? அவர் அருகில் யார் அமர்வது? நான்காம் நாள் அவர் வீட்டுக்கு யார் செல்வது?’ என்று வினவினால் கூட்டத்தில் ஓர் அமைதி நிலவும். பின்னர் எவரோ ஒருவர், ‘மரியாயின் சேனை பார்த்துக்கொள்ளும்’ என்பார். அடுத்த விடயத்துக்குச் சென்றுவிடுவோம்.

எசேக்கியாவின் தூதர்களுக்கு என்ன நேர்ந்தது? எப்ராயிம், மனாசே, செபுலோன் நாட்டு மக்கள் அவர்களை எள்ளி நகையாடினர். ஆயினும் ஒரு சிலர் தங்களைத் தாழ்த்திக்கொண்டு எருசலேமுக்கு வந்தனர். வந்தவர்களும் முறையறியாது வந்தனர். தூய்மைச் சடங்குகளை நிறைவேற்றாமலே பாஸ்காவை உண்டனர். ஆலய ஒழுங்கைப் பேணுவோர் அவர்களைத் தடுத்து வெளியே நிறுத்தியிருக்க முடியும். ஆனால் அரசன் அவர்களுக்காக மன்றாடினான். ஆண்டவர் அம்மன்றாட்டைக் கேட்டு மக்களைக் குணமாக்கினார் என்கிறது மறைநூல். குணமளித்தல் அங்கே முறையறியாது வந்த புதியவர்களுக்காக அழைத்தவன் செய்த செபத்தின் கனியாக அமைந்தது. அதனை அவன் தன் மடலில் முன்கூட்டியே விளம்பரம் செய்திருக்கவில்லை.

எமது ஆலயத்துள் முறையறியாது வருபவரின் நிலை யாது? எழுந்து நிற்கவேண்டிய வேளையில் அமர்ந்திருப்பார். முன்வரிசையிலுள்ள பெரியவர் திரும்பிப் பார்ப்பார். நற்கருணை வரிசையில் மற்றவர்களோடு வந்து நிற்பார். குருவோ பணிவிடையாளரோ பதற்றமடைந்து எல்லோருக்கும் முன்பாக அவரை விலக்கிவிடுவர். திருப்பலிக்கு முன்னர் இரண்டு நிமிடம் ஒதுக்கி, நற்கருணை எமக்கு யாது என்பதையும், அதனைப் பெறாதோர் கைகளை நெஞ்சில் குவித்து வந்தால் ஆசீர் பெறலாம் என்பதையும் அன்போடு விளக்கினால் இந்தச் சங்கடமே எழாது. இவ்விரண்டு நிமிடங்களை ஒதுக்கும் பங்குகள் மிகச் சிலவே.

இவ்விடத்தில் எமது நாட்டுக்கேயுரிய வேதனையொன்றையும் குறிப்பிட்டாக வேண்டும். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சியோன் தேவாலயத்திலும் நிகழ்ந்தவற்றின் பின்னர், ‘புதியவர்’ என்னும் சொல்லின் பொருளே எமக்கு மாறிவிட்டது. பெருவிழாக் காலங்களில் ஆலய வாயிலில் பைகள் சோதிக்கப்படுகின்றன. முன்பின் தெரியாத முகத்தைக் காணும்போது கண்கள் ஒருகணம் அதன்மீது நின்று நகர்கின்றன. இதனைக் குறைகூற எவராலும் இயலாது. ஆயினும் ‘அனைவரும் வருக’ என்று மதிலில் எழுதிவிட்டு, வாயிலில் ஐயத்தோடு மட்டும் நிற்போமாயின் அவ்வழைப்பு பொய்த்துவிடும். சோதனை செய்பவருக்கு அருகே, ‘வாருங்கள், எங்கிருந்து வருகின்றீர்கள்?’ என்று கேட்பவர் ஒருவரும் நிற்கலாமே. காவலும் வரவேற்பும் ஒரே வாயிலில் நிற்க முடியாதவை அல்ல.

லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்திலுள்ள பெரிய விருந்து உவமை இத்தகைய நிகழ்வுகளுக்கான அழைப்பிதழ்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. அவ்விருந்தில் அழைப்பு இருமுறை விடுக்கப்பட்டதை நோக்குங்கள். முன்னரே அழைக்கப்பட்டிருந்தோரிடம், விருந்து நேரத்தில் பணியாளர் நேரிற் சென்று, எல்லாம் ஆயத்தமாயிற்று என்று மீண்டும் அழைக்கின்றார். யாழ்ப்பாணத்து வழக்கை அறிந்தோருக்கு இது புதுமையாகத் தோன்றாது. கலியாண வீட்டு அழைப்பிதழ் தபாலில் வந்தால் அது எமக்கு அழைப்பாகாது. வீட்டுக்கு வந்து ‘சொல்ல’ வேண்டும். ‘அவையள் எங்களுக்குச் சொல்லேல்லை’ என்னும் ஒற்றை வாக்கியத்தால் இரண்டு தலைமுறைப் பகை நீடித்த குடும்பங்கள் உண்டு. தன் மகளின் கலியாணத்துக்கு வீடுவீடாகச் சென்று சொல்பவர், ஆண்டவரின் விருந்துக்கு மட்டும் துண்டுப்பிரசுரத்தை மதிலுக்கு மேலால் எறிந்துவிட்டுச் செல்வது ஏனோ?

உவமைக்குச் சற்று முன்னுள்ள வசனங்களில் இயேசு, விருந்துக்கு நண்பரையும் செல்வந்த அயலாரையும் அழையாது, ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழைக்குமாறு பணிக்கின்றார். எமது துண்டுப்பிரசுரங்கள் எந்த ஒழுங்கைகளுக்குச் செல்கின்றன, எந்த ஒழுங்கையின் முகப்போடு திரும்பிவிடுகின்றன என்பதை அவற்றைக் கொண்டுசெல்லும் இளைஞர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அவர்கள் சொல்லத் தயங்கினால் அத்தயக்கமே விடையாகும். திருச்சொரூபத்தைச் சுமப்போர் எவர், நவநாளின் எந்த நாள் எந்தப் பகுதியினருக்கு உரியது என்பதிற் சாதிக்கணக்கு இன்னமும் ஓடும் இடத்தில், ‘பேதமின்றி அனைவரும் வருக’ என்னும் வரியை அச்சடிக்குமுன் ஒருமுறை நின்று யோசிக்கவேண்டும்.

அதே உவமையில், மக்களை வற்புறுத்தியேனும் கூட்டிவருமாறு தலைவர் பணிக்கும் வசனமொன்றும் உண்டு. வரலாற்றிலே பெருந்தீங்கு விளைவிக்கும் வகையில் பொருள்கொள்ளப்பட்ட வசனம் அது. புனித அகுஸ்தீனாரே தொனாத்தியருக்கு எதிரான சர்ச்சையில் அரச வற்புறுத்தலை நியாயப்படுத்த அதனை எடுத்தாண்டார். பின்வந்தோர் அதனினும் கொடியவற்றுக்கு அதனைத் துணைக்கழைத்தனர். உவமையிலுள்ள சூழலோ முற்றிலும் வேறு. வேலியோரத்து ஏழை, பெரிய வீட்டு விருந்துக்குத் தானும் அழைக்கப்பட்டதை நம்பமாட்டான், கூசி நிற்பான். அவனது கையைப் பிடித்து, ‘உண்மையாகத்தான் சொல்கிறேன், வாரும்’ என்று அழைத்துவரும் பரிவே அங்கு வற்புறுத்தலாகக் கூறப்படுகின்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட சமய சுதந்திரம் பற்றிய அறிக்கை, சிறப்பாக ஏழைகளையும் கல்வியறிவு குறைந்தோரையும் அணுகுகையில் கட்டாயத்தின் சாயலோ நேர்மையற்ற தூண்டுதலோ இருத்தலாகாது எனத் தெளிவாகவே அறிவுறுத்தியுள்ளது.

இந்த மண்ணில் இதற்கு எமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. கத்தோலிக்க மறையை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலத்தில், 1687ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த புனித யோசேவ் வாஸ் அடிகளாரிடம் சுவரொட்டி இருக்கவில்லை. இருந்திருந்தாலும் ஒட்டியிருக்க முடியாது. கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு, பிச்சை கேட்பவராக யாழ்ப்பாணத்து வீட்டு வாயில்களில் நின்றார். செபமாலையை அடையாளங்கண்டவர்கள் அவரை உள்ளே அழைத்தனர். அழைக்க வந்தவரே அழைக்கப்படும் நிலைக்குத் தம்மைத் தாழ்த்திக்கொண்டார் என்பது ஈண்டு எண்ணத்தக்கது. பின்னர் 1697ஆம் ஆண்டு கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரை மத வேறுபாடின்றிப் பராமரித்தார். அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கும் திருப்பலி 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் நிகழ்ந்தபோது, ஊடகங்கள் அனைத்தும் அங்கே குவிந்திருந்தன. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர் அவரிடம் இருந்தது கழுத்தில் கிடந்த அச்செபமாலை ஒன்றே.

இனி, அழைப்பில் நாம் அளிக்கும் வாக்குறுதிக்கு வருவோம். யோவான் நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் இயேசுவின் சகோதரர்கள் அவருக்கு ஆலோசனை கூறுகின்றார்கள். கூடாரத் திருவிழா வருகின்றது, யூதேயாவுக்குச் செல்லும், பொதுவாழ்வில் அறியப்பட விரும்புபவர் மறைவாகச் செயற்படுவதில்லை, உம்மை உலகுக்குக் காட்டும் என்பது அவர்களுடைய கருத்து. இன்றைய விளம்பர ஆலோசகர் எவரும் இதனினும் தெளிவாகக் கூறியிருக்கமாட்டார். அவர்கள் அவரில் நம்பிக்கை கொண்டிருக்கவில்லை என்று நற்செய்தியாளர் உடனே குறிப்பிடுகின்றார். இயேசு அந்த ஆலோசனையை ஏற்கவில்லை; பின்னர் வெளிப்படையாக அன்றி மறைவாகவே விழாவுக்குச் சென்றார். ஆயினும் விழாவின் நடுவில் ஆலயத்தில் வெளிப்படையாகப் போதித்தார். இறுதி நாளிலோ, தாகமுள்ளோர் தம்மிடம் வரலாம் என்று உரத்த குரலிலேயே அழைத்தார். ஆகவே உரத்து அழைப்பதை அவர் வெறுத்தார் என்று கூறுவதற்கில்லை. அரும்செயல்களைக் காட்சிப்பொருளாக்கிக் கூட்டம் சேர்ப்பதையே அவர் மறுத்தார். குணம்பெற்ற தொழுநோயாளரிடம் எவருக்கும் சொல்லவேண்டாம் என்று அவர் கண்டிப்பாகக் கூறியதையும் இதனோடு சேர்த்து வாசிக்கவேண்டும்.

இதனை எழுதும் தகுதி எனக்கு எந்தளவுக்கு உண்டு என்பதை வாசகர்கள் அறியவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய பங்கொன்றில் மூன்று நாள் தியானம் ஒழுங்குசெய்யப்பட்டது. சுவரொட்டியின் மாதிரியை இளையோர் என்னிடம் கொண்டுவந்தனர். நான் வேறு அலுவலில் இருந்தேன், வாசியாமலே ஒப்பமிட்டேன். ‘பார்வையற்றோர் பார்ப்பர், முடவர் நடப்பர்’ என்று அதில் பெரிய எழுத்துகளில் இருந்தது. இரண்டாம் நாள் மாலை, கூட்டம் கலைந்த பின்னரும் ஓர் அன்னை பந்தலின் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு இருந்தது. மடியில் நடக்கவியலாத, ஒன்பது பத்து வயதுச் சிறுவன். இரண்டு நாள்களும் தொலைவிலிருந்து முச்சக்கர வண்டிக்குக் காசு கொடுத்து வந்திருந்தார். அவரோடு எவரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து நின்று, ‘சுவாமி, நோட்டீசில சுகம் வரும் எண்டு போட்டிருந்தது. நாளைக்கும் நாங்கள் வரவேணுமோ?’ என்று கேட்டார்.

அவருடைய குரலில் குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை. மறுநாள் வண்டிக்குப் பணம் புரட்டவேண்டுமா என்பதை அறியவே அவர் கேட்டார். ‘விசுவாசத்தோடு வாருங்கள்’ என்று பதிலிறுப்பது எனக்கு மிக எளிதாக இருந்திருக்கும். அவ்வாறு கூறியிருந்தால், குணம் கிட்டாமைக்கான பழி முழுவதையும் அந்தத் தாயின் விசுவாசக் குறைவின்மீது சுமத்தி அனுப்பியிருப்பேன். அச்சுவரொட்டியை எழுதியவர்கள் பிள்ளைகள், ஒப்பமிட்டவன் நான். அதனை அவரிடம் சொன்னேன். சிறுவனின் தலையில் கைவைத்துச் செபித்தேன். வைத்தியசாலையில் அவனுக்கு எந்தச் சிகிச்சை நடக்கின்றது என்று கேட்டபோது, தியானம் முடியட்டும் என்று அந்த வாரக் கிளினிக்கைத் தவிர்த்துவிட்டதாகக் கூறினார்.

திருச்சபை இவ்விடயத்தில் மௌனமாக இருக்கவில்லை என்பதை அதன் பின்னரே நான் மீண்டும் தேடி வாசித்தேன். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள், குணமளிக்கும் செபங்கள் பற்றி ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. கர்தினால் ராட்சிங்கர் அப்போது அப்பேராயத்தின் தலைவராக இருந்தார். இத்தகைய வழிபாடுகளில் மிகையுணர்ச்சியும் செயற்கைத்தனமும் நாடகத்தன்மையும் பரபரப்பும் தவிர்க்கப்படவேண்டும். ஊடகப் பயன்பாடு ஆயரின் கண்காணிப்புக்கு உட்பட்டது. குணம்பெற்றதாகக் கூறப்படும் சாட்சியங்கள் நேர்மையோடும் துல்லியத்தோடும் சேகரிக்கப்பட்டுத் திருச்சபை அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்படவேண்டும் என்பன அதன் நெறிமுறைகளிற் சில. யூடியூப் இல்லாத காலத்தில் எழுதப்பட்ட அந்நெறிமுறைகள் இன்று அதிகம் தேவைப்படுகின்றன. அவரே திருத்தந்தை 16ஆம் பெனடிக்ற் ஆகி 2007ஆம் ஆண்டு மே மாதம் பிரேசிலின் அப்பரெசிடாவில் ஆற்றிய மறையுரையில், திருச்சபை ஆள்சேர்ப்பதால் அன்றிக் கவர்ந்திழுப்பதாலேயே வளர்கின்றது என்னும் கருத்தை வலியுறுத்தினார்.

அழைப்பை விரும்பாத அயலவரும் எமது மதிலுக்கு அப்பால் வாழ்கின்றனர். அவர்களுக்கும் எமது நிகழ்வு ஏதோவொன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவி, படுக்கையிலுள்ள முதியவர், இரவுக் கடலுக்குச் செல்லுமுன் உறங்கும் தொழிலாளி ஆகியோரின் செவிகளில் எமது ஒலிபெருக்கி எதைப் போதிக்கின்றது? வெலிகாமவில் உள்ள பள்ளிவாசல் ஒன்று தொடர்பாக எழுந்த வழக்கில், 2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், ஒலிபெருக்கி அனுமதிகளைப் பொதுவாக இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரை வழங்கலாகாது என நெறிப்படுத்தியது. அந்நெறி கோவிலுக்கும் விகாரைக்கும் எமது ஆலயத்துக்கும் பொதுவானது. ‘அவர்கள் போடுகிறார்கள், நாங்களும் போடுகிறோம்’ என்னும் வாதம் பொலிஸ் நிலையத்தில் எடுபடலாம்; நற்செய்தியின் முன் எடுபடாது.

2004ஆம் ஆண்டு ஜாதிக ஹெல உறுமய கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தபோது நாம் அதனை எதிர்த்தோம், அது சட்டமாகவில்லை. எமது எதிர்ப்பு நியாயமானதே. ஆயினும் சட்டமூலத்தை எதிர்த்த அளவுக்கு, அதற்கு ஆதரவு திரட்ட உதவிய அச்சங்களை நாம் ஆராயவில்லை என்றே எண்ணுகின்றேன். உதவிப்பொருளோடு சேர்த்து நீட்டப்படும் அழைப்பிதழ், அயலவரின் தெய்வத்தை இழித்துப் பேசும் மேடை ஆகியன சில குழுக்களுக்கே உரியன என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முயல்கின்றோம். அயலவருக்கோ சிலுவை தாங்கிய பதாகைகள் அனைத்தும் ஒன்றாகவே தெரியும்.

திருத்தூதர் பணிகள் நூலின் 19ஆம் அதிகாரத்தில், எபேசு நகரின் அரங்கத்தில் கூடிய பெருந்திரள் இரண்டு மணிநேரம் கூச்சலிட்டது. கூடியவர்களில் பெரும்பாலோருக்குத் தாம் ஏன் கூடினோம் என்பதே தெரியவில்லை என்கிறார் லூக்கா. பெருந்திரளைக் கண்டு மகிழ்ந்துபோகும் எமக்கு இது நல்ல நகைச்சுவை. அத்திரளை அமைதிப்படுத்திய நகரச் செயலர், பவுலின் தோழர்களைச் சுட்டி, இவர்கள் எமது தேவியைப் பழித்துரைத்தவர்கள் அல்லர் என்று சாட்சி கூறினார். பவுல் அந்நகரில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பொதுவிடத்திலும் வீடுவீடாகவும் நற்செய்தியை அறிவித்தவர். கைகளால் ஆக்கப்பட்டவை தெய்வங்களல்ல என்று கூறியதாகவே அவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. ஆயினும் அவ்வணியினர் இழித்துப் பேசியதாக மாற்று நம்பிக்கையைச் சேர்ந்த அதிகாரியொருவராற் கூற முடியவில்லை. எமது தியானம் முடிந்த மறுநாள், சந்தியிலுள்ள கோவில் ஐயரோ விகாரையின் தேரரோ எம்மைக் குறித்து இத்தகைய சான்று பகர்வாரா?

யாழ்ப்பாணத்தில் அவ்வாறு பகரக்கூடியோர் பலர் இருந்திருப்பர் என்பதற்கு ஒரு நற்சான்று உண்டு. அருட்தந்தை நீ. மரியசேவியர் அடிகளார் 1965ஆம் ஆண்டு தோற்றுவித்த திருமறைக் கலாமன்றத்தின் திருப்பாடுகளின் நாடகங்களுக்கு இந்து மக்களும் திரளாக வந்தமர்ந்தனர். எவரும் அவர்களை மதம்மாற்றும் நோக்குடன் அழைக்கவில்லை. எவரும் தாம் இழிவுசெய்யப்பட்டதாக உணர்ந்து எழுந்துசெல்லவில்லை. நல்ல தமிழும் நல்ல கலையும் ஆண்டவரின் துயரும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. அழைப்பிதழில் வாக்களிக்கப்பட்டவையும் அவையே.

அந்தத் தாயின் வினாவின் பின்னர், அடுத்த ஆண்டுத் தவக்காலத்துக்கு நாம் அச்சிட்ட அறிவித்தல் அளவிற் சிறியதாக இருந்தது. பேச்சாளரின் படம் அதில் இடம்பெறவில்லை. இளையோருக்கு அதில் வருத்தமே. ‘இறைவார்த்தையைக் கேட்போம், நோயுற்றோருக்காகச் செபிப்போம்’ என்று ஒரு வரி. ‘மருந்துகளையும் வைத்திய ஆலோசனையையும் நிறுத்தவேண்டாம்’ என்று இன்னொரு வரி. அதன் கீழே, நடக்கவியலாதோரை வீட்டிலிருந்து அழைத்துவந்து மீண்டும் கொண்டுசேர்க்க முச்சக்கர வண்டி உண்டு என்றும், பக்கவாசலில் சக்கர நாற்காலிக்குச் சாய்வழி அமைக்கப்பட்டுள்ளது என்றும் எழுதி, ஒரு தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்தோம். சாய்வழியைப் பங்கின் மேசன் ஒருவர் கூலியின்றி அமைத்துத் தந்தார். அன்பியங்களைச் சேர்ந்தோர் இருவர் இருவராக வீடுகளுக்குச் சென்று சொன்னார்கள். முந்தைய ஆண்டிலும் குறைவானோரே வந்தனர், கதிரைகள் மிஞ்சின. வண்டிக்கென்று நால்வர் அழைத்திருந்தனர். அவர்களில் ஒருவர் அந்தத் தாய். நாங்கள் சென்றபோது பிள்ளையைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை அணிவித்து, படலையிலேயே காத்திருந்தார்.